சித்தி மேல்காது குத்திக்கொண்டது

சித்தியின் இடது காது மேல்மடலில் ஊதா மையால் வைத்த ஒரு புள்ளி. அந்த நாளை நினைத்தால் எனக்கு முதலில் அதுதான் வருகிறது. பட்டம் ஜங்ஷனில் ஒரு மொபைல் கடையின் மாடியில் இருந்த ஸ்டுடியோ அது. டாட்டூ போடுவார்கள், மூக்கு, காது, புருவம் என்று கேட்ட இடத்தில் குத்திவிடுவார்கள். சுவர் முழுக்க டிராகன்களும் மண்டையோடுகளும். அவற்றுக்கு நடுவில் சித்தி கைத்தறிப் புடவையும் ஆபீஸ் கைப்பையுமாக, ரயில் டிக்கெட் எடுக்க வந்தவள் மாதிரி நிதானமாக உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஐம்பது நெருங்கிக்கொண்டிருந்தது. நான் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். துணைக்கு என்னை மட்டும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

சித்தி என் அம்மாவின் தங்கை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஸ்ரீவராகத்தில் எங்கள் வீட்டில் இருந்தாள். சரியாகச் சொன்னால், அது தாத்தா கட்டிய வீடு என்பதால் நாங்கள்தான் அவள் வீட்டில் இருந்தோம், ஆனால் அப்பா காதுபட அப்படி யாரும் சொல்லமாட்டார்கள். நாற்பதுக்குமேல் சித்திக்குக் காது மந்தமாகத் தொடங்கியது. வலது காது அறவே போய்விட்டது, இடது காதில் மெஷின் வந்தது. காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை மாதிரி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய் காதின் மேல்விளிம்பைச் சுற்றி உள்ளே போகும்.

மெஷின் வந்த நாளிலிருந்து எல்லோரும் மெஷினோடு பேசினார்கள். எதிரில் நிற்பவர்களின் கண் அவள் முகத்துக்கு வராது, காதோரம் போய் நின்றுவிடும். வீட்டில் அதுவும் இல்லை. அம்மா அடுக்களையிலிருந்து கத்துவாள், அப்பா பேப்பருக்குப் பின்னாலிருந்து கத்துவார், நான் மாடிப்படியிலிருந்து. மெஷின் இருக்கிறதே, கேட்டுக்கொள்ளும். வெளியில் போனால் கடைக்காரர்கள் சித்திக்கு என்ன வேண்டும் என்று என்னிடம் கேட்பார்கள்.

ஸ்டுடியோவிலும் அதுதான் நடந்தது. ஊசியை எடுத்த பெண் என்னைப் பார்த்து, "ஆண்டிக்கு வேதன சகிக்கான் பற்றுமோ?" என்றாள். வலி தாங்குவாளா என்று நான் எப்படிச் சொல்வது? அதற்குள் சித்தியே மலையாளத்தில் பதில் சொன்னாள்: "செவி என்டேதல்லே மோளே? என்னோடு சோதிச்சா மதி." காது என்னுடையது, என்னிடம் கேட்டால் போதும். அந்தப் பெண் சிவந்துபோய், பிறகு எல்லாவற்றையும் சித்தியின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். இது எலும்பு மாதிரி இடம், ஆற மாதக்கணக்காகும். மெஷின் குழாய் உரசும், அதனால் மற்றக் காதில் குத்திக்கொள்வது நல்லது. சித்தி பொறுமையாகக் கேட்டுவிட்டு, இந்தக் காதில்தான் என்றாள். ஊசி போனபோது 'ச்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கடுகளவு வெள்ளைக் கல் வைத்த டைட்டானியம் தோடு ஒன்று மேல்மடலில் உட்கார்ந்தது.

திரும்பி வரும்போது ஆட்டோவில் காரணம் சொன்னாள். "எல்லாரும் இந்தக் காதைத்தான் பாக்கறா. பாக்கட்டும். டாக்டர் வெச்சது ஒண்ணு இருக்கோல்லியோ, நான் வெச்சுண்டது ஒண்ணும் இருக்கட்டும்."

வீட்டில் ரகளை. அம்மாவுக்குக் குத்திக்கொண்டதில்கூட அத்தனை வருத்தமில்லை, தங்கமில்லை என்பதுதான் பொறுக்கவில்லை. "டைட்டானியமாம்! பாத்திரக்கடைலேர்ந்து வாங்கினாப்பல!" அப்பா பேப்பரை விலக்காமல், "இந்த வயசுல என்ன வேண்டிக்கெடக்கு?" என்று உரக்கக் கேட்டார். கோயில் வாசலில் பூ விற்கும் நாங்குனேரிக்கார அம்மாள் மட்டும்தான் சந்தோஷப்பட்டாள். "கொப்பு போடுத எடம்லா இது! எங்க மாமியாருக்கு ரெண்டு காதுலயும் உண்டும்" என்று ஒரு முழம் கூடவே அளந்து கொடுத்தாள்.

சித்தி அந்தக் காதைக் கைக்குழந்தை மாதிரி பார்த்துக்கொண்டாள். காலையும் மாலையும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, மருந்துக்கடை உப்புநீரில் நனைத்த துணியால் முன்னும் பின்னும் ஒற்றுவாள். தோட்டைத் திருகக் கூடாது, தொட்டுப் பார்க்கக் கூடாது. வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் நின்றது. அம்மா மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துக் கொண்டு வந்தால் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பிவிடுவாள். தலைக்குக் கட்டிய ஈரத் துண்டின் நூல் ஒருநாள் தோட்டில் மாட்டி இழுத்துவிட, கண்ணில் தண்ணீரோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அன்றுமுதல் துண்டு கட்டுவதையும் விட்டாள்.

இத்தனை செய்தும் காது வீங்கியது. ஸ்டுடியோப் பெண் சொன்னதுபோல் குழாய்தான் உரசிக்கொண்டிருந்தது. தோட்டைச் சுற்றிச் சிவந்து, பின்பக்கம் மிளகு மாதிரி ஒரு முண்டு எழும்பியது. காது டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, ஆறும்வரை இரண்டில் ஒன்றைக் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றார். அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். சித்தியும் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் மெஷினைக் கழற்றித் துடைத்து, டப்பாவில் போட்டு, அலமாரியில் வைத்தாள்.

அதன்பிறகு அந்த வீட்டில் கத்திப் பிரயோஜனமில்லை. சித்தி உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். ரசத்துக்குப் புளி போதுமா என்று கேட்க அம்மா கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு நடந்து வந்தாள். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, எதிரே வந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். நானும் படியிறங்கி வந்தேன். ஒரு விஷயம் சொல்ல அவ்வளவு தூரம் நடந்து வந்தபின் அதை மட்டும் சொல்லிவிட்டுப் போக யாருக்கும் மனசு வராது. உட்கார்ந்துவிடுவோம். கரண்ட் போனால் பேச்சும் நின்றுவிடும் என்பதால் அம்மா ஒரு எமர்ஜென்சி விளக்கு வாங்கிவந்தாள். அந்த மாதங்களில் சித்தி நன்றாகச் சிரித்தாள்.

மழைக்காலம் முடிந்து நவராத்திரியும் போனது. முண்டு எப்போதோ அமுங்கிவிட்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கும்போது காது சுத்தமாக, உலர்ந்து இருந்தது. ஆனால் காலையும் மாலையும் ஒற்றுவது நிற்கவில்லை, மெஷினும் அலமாரியைவிட்டு இறங்கவில்லை. கேட்டால், "இன்னும் ஆறலைடீ, உள்ளுக்குள்ள வலிக்கறது" என்பாள். எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை.

அப்பாவுக்குப் பொறுமை போனது. "இத்தனை மாசமா ஆறாதது இனிமே எங்க ஆறப் போறது? கழட்டி எறிஞ்சுடலாம்" என்று சித்தியையும் என்னையும் டாக்டரிடம் அழைத்துப் போனார். வழியெல்லாம் சித்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஆறவில்லை என்று டாக்டர் சொன்னால் கல் போய்விடும். ஆறிவிட்டது என்றால் மெஷின் திரும்ப ஏறும், எல்லோரும் அவரவர் இடத்துக்குப் போய்விடுவார்கள். எனக்கு அவளுக்காக ஏதாவது சொல்லத் தோன்றியது, கையை மட்டும் பிடித்துக்கொண்டேன்.

டாக்டர் டார்ச் அடித்து இரண்டு பக்கமும் பார்த்தார். அப்பாவிடம் திரும்பி, "இது உணங்ஙியிட்டு குறே ஆயல்லோ!" என்றார். ஆறி ரொம்ப நாளாயிற்றே என்று அவர் உதடு சொன்னதைச் சித்தி பார்த்துவிட்டாள். அப்பா முகம் சிவந்தது. "பின்னே எதுக்கு வலிக்கறதுன்னு சொன்னே?" என்று அங்கேயே கத்தினார்.

சித்தி கைப்பையைத் திறந்து மெஷின் டப்பாவை எடுத்தாள். கொண்டுவந்திருந்தாள். மாட்டிக்கொண்டு, குழாயைக் கல்லுக்குப் பின்னால் ஒதுக்கிவிட்டு, அப்பாவைப் பார்த்தாள்.

"இது இல்லாத நாள்லதான் அத்திம்பேர், நீங்க என் மூஞ்சியைப் பாத்துப் பேசினேள். அதுக்காகத்தான் சொன்னேன்."

டாக்டர் மேசைமேல் இருந்த பேனாவை நகர்த்தி வைத்தார். கொஞ்சநாள் எல்லோரும் எதிரே வந்து பேசினோம். பிறகு பழைய குருடி கதைதான். அம்மா அடுக்களையிலிருந்தே குரல் கொடுத்தாள், நான் வேலை கிடைத்துப் போய்விட்டேன். கல் மட்டும் இருந்தது.

சித்தி ரிட்டையர் ஆகி இப்போது சில வருஷங்கள் ஆகின்றன. அம்மா இல்லை. அந்த வீட்டில் அப்பாவும் அவளும்தான். அப்பாவுக்கும் காது போய்விட்டது. சித்தியுடையதைவிட உயர்ந்த மெஷின் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனபோது அதை மேசையில் கழற்றி வைத்திருந்தார். வாசலிலிருந்தே, "மெஷினை மாட்டிக்கோங்கோப்பா!" என்று கத்தினேன். அவர் திரும்பவில்லை. சித்தி என்னைப் பேசாமலிருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தாள்.

"என்ன அத்திம்பேர், இன்னிக்கும் காது வலிக்கறதோ?"

அப்பா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஆமாம் என்று தலையாட்டினார்.