சல்லடையம்மாவின் முக்காலி

பென்சிலின் பின்முனையைத் திரையில் வைத்து, இணைய முகவரியில் முதல் ஒற்றைச் சாய்கோடு எங்கே வருகிறது என்று தேடுகிறார் சல்லடையம்மா. கிடைத்ததும் அங்கே ஒரு தட்டுத் தட்டி, அங்கிருந்து இடப்பக்கமாகப் பென்சிலை இழுத்துக்கொண்டு போகிறார். திரையில் அந்த இடம் மட்டும் மங்கிப்போயிருக்கிறது. அலுவலகத்தில் இரண்டு முறை திரையை மாற்றியும் மூன்றாவதும் அதே இடத்தில் மங்கத் தொடங்கிவிட்டது.

"எல்லாரும் முன்னாலேர்ந்து படிக்கிறாங்க. ஏமாத்தறவனுக்கும் அது தெரியும். அதனால முன்னாடி வங்கி பேரு, பாதுகாப்பு, உதவின்னு பெயிண்ட் அடிச்சு வெச்சிருப்பான். வாசல்ல என்ன போர்டு வேணா மாட்டலாம். பத்திரம் யார் பேர்ல இருக்குங்கறதுதான் கணக்கு. அது இங்க, இந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் ஒட்டி இருக்கு."

இணையத்தில் ஏமாந்தவர்கள் புகார் கொடுக்க வரும் அலுவலகத்தில் முதல் மேசை அவருடையது. வருகிறவரிடம் கேட்டு, என்ன வகை மோசடி என்று பிரித்து, சீட்டு எழுதி, அதற்குரிய தட்டில் போடுவது வேலை. பன்னிரண்டு வருடங்களாகச் சலித்துக்கொண்டிருப்பதால் சல்லடையம்மா என்று பெயர் வந்துவிட்டது. அடையாள அட்டையில் உள்ள பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே ஒரு கணம் யோசித்துத்தான் திரும்புகிறார்.

மேசையில் நான்கு தட்டுகள். திருட்டு வாசல், பொய்க்கடை, ஆசை, மிரட்டல் என்று அவரே பெயர் எழுதி ஒட்டியவை. எதிர் மேசைக்காரர், தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்று இங்கே வந்து சேர்ந்தவர், மூன்று வருடமாகியும் எல்லாவற்றையும் ஃபிஷிங் என்றே எழுதுகிறார்; பாஸ்வேர்டைப் பறிக்கும் திருட்டு வாசலுக்கு மட்டும் உரிய பெயர் அது. மிக்ஸி கேட்டவருக்குச் செங்கல் வந்தாலும் ஃபிஷிங். கூரியரில் போதைப்பொருள் வந்திருக்கிறது, கைது செய்வோம் என்று போனில் மிரட்டினாலும் ஃபிஷிங்.

"சார், உங்களுக்கு மழை பெஞ்சாக்கூட ஃபிஷிங்தான்" என்பார் சல்லடையம்மா, சீட்டைத் திருப்பிக் கொடுத்தபடி.

"எல்லாம் ஏமாத்துதானேம்மா. எந்தத் தட்டுல போட்டா என்ன?"

"வீட்டுக்காரனே கதவைத் திறந்து அள்ளிக் குடுக்கறதும், சாவியைத் தொலைக்கறதும் ஒண்ணா சார்? செங்கல் வந்தவரு பணத்தைக் குடுத்தாரு. போனது போச்சு, அதோட முடிஞ்சுது. சாவி போனவருக்கு இனிமேதான் ஆரம்பம். இவரு இங்க உக்காந்து அழுதுட்டிருப்பாரு, அவன் அங்க ஒவ்வொரு அறையா திறந்துட்டிருப்பான். இவருக்கு முதல்ல பூட்டை மாத்தணும், அப்புறம்தான் சீட்டு, அழுகை எல்லாம்."

அதனால் வருகிறவரிடம் அவர் முதலில் கேட்பது ஒரே கேள்விதான். "பணத்தை நீங்க அனுப்புனீங்களா, இல்ல பாஸ்வேர்டை எங்கயாவது தட்டுனீங்களா?" எப்படி ஏமாந்தீர்கள் என்று அவர் கேட்டதில்லை. மற்றவர்கள் கேட்டாலும் பென்சிலால் மேசையைத் தட்டி நிறுத்திவிடுவார்.

இன்னொரு பழக்கமும் உண்டு. அலுவலகம் அவருக்குக் கொடுத்த சாய்வு நாற்காலியை வருகிறவர்களுக்குப் போட்டுவிட்டு, தான் ஒரு மர முக்காலியில் உட்கார்ந்துகொள்வார். முதுகு வலிக்கும். மாலையில் சுவரோடு ஒட்டி நின்று முதுகை நிமிர்த்துவார். கேட்டால், "ஏமாந்தவங்களுக்கு முதுகு சாய ஒரு இடம் வேணும் சார்" என்பார்.

இவ்வளவு இரக்கத்துக்கும் அடியில் ஒரு சின்னக் கர்வம் இருந்தது. இரண்டு வினாடி பார்த்தால் போதும், யாரும் ஏமாறத் தேவையில்லை என்பது அவர் எண்ணம். "என் ஆயுசுல ஒரு தப்பான லிங்க்ல விரல் வெச்சதில்ல" என்று வீட்டில் சொல்லிக்கொள்வார். தம்பி சிரிப்பான். "நீ கல்யாணப் பத்திரிகையவே பின்னாலேர்ந்துதானே படிப்ப."

அந்தத் தம்பி லிஃப்ட் மெக்கானிக். பதினோரு நாட்களுக்கு முன் நெஞ்சுவலி என்று சொல்லித் தண்ணீர் கேட்டான். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டான். நாற்பது வயது நிறையவில்லை.

வேலைக்கு நடுவில் அக்காவுக்குக் குரல் பதிவு அனுப்புவது அவன் வழக்கம். "அக்கா, இப்ப ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவுல தொங்கிட்டிருக்கேன். நீ என்ன சாப்ட்ட?" பின்னால் கம்பி வடம் உரசும் சத்தம் கேட்கும். நூற்றுக்கும் மேல் சேர்ந்துவிட்டன. போனில் இடமில்லை என்று அவற்றையெல்லாம் தன் மின்னஞ்சல் கணக்கில் போட்டு வைத்துவிட்டுப் போனிலிருந்து அழித்திருந்தார் சல்லடையம்மா. தம்பியின் போன் கம்பெனியுடையது. அவன் போன மறுநாளே வாங்கிக்கொண்டு போய் அதைத் துடைத்துவிட்டார்கள். அவன் குரல் இப்போது இருப்பது அந்த ஒரு கணக்கில்தான். கேட்க இன்னும் தைரியம் வரவில்லை. இருக்கிறது என்பதே போதுமாக இருந்தது.

திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பினார். எதிர் மேசைக்காரர் முந்தின வாரச் சீட்டுகளை நான்கு தட்டுகளிலும் தானே பிரித்துப் போட்டு வைத்திருந்தார். பாதி தப்பு. சல்லடையம்மா அவற்றை மாற்றிப் போட்டார்.

புதன்கிழமை காலை, கண்ணாடி போடாத ஒரு பெரியவர் போனைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்தபடி வந்தார். ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் காவலாளி. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"ஏமாந்தேனா இல்லியான்னே தெரியல மேடம். ஒரு பையன் இறந்துட்டான். எங்க லிஃப்டு ரிப்பேருக்கு வர்ற பையன். அவன் ஞாபகமா ஒரு பக்கம் இருக்கு, உள்ள போய் ரெண்டு வார்த்தை எழுதலாம்னு சொன்னாங்க. ஒரு மணி நேரமா முட்டிப் பாக்கறேன், விட மாட்டேங்குது. எங்க மேனேஜரு பாத்துட்டு, இது ஏதோ ஏமாத்து வேலை, போய்க் காட்டுன்னு தொரத்திட்டாரு."

"பாஸ்வேர்டு தட்டுனீங்களா?"

"தட்டுனேன். அப்புறம் போனுக்கு வர்ற ஆறு எண்ணைப் போடச் சொல்லுச்சு. கண்ணாடிய வீட்டுல வெச்சுட்டு வந்துட்டேன். எண்ணு தெரியல. போடல."

"மறதி உங்களைக் காப்பாத்தியிருக்கு. குடுங்க."

லிஃப்ட் என்ற சொல்லைக் காதில் வாங்காமல் தள்ளிவிட்டு, போனை வாங்கினார். வழக்கம்போல முகவரியில்தான் முதலில் கண் போனது. பென்சிலை முதல் சாய்கோட்டில் வைத்து இடப்பக்கம் இழுத்தார். 'நினைவு', 'குடும்பம்', 'அஞ்சலி' எல்லாம் முன்னால் அடித்த பெயிண்ட். பத்திரம் யாரோ ஒருவன் பெயரில், சம்பந்தமில்லாத எழுத்துக் குவியலாக இருந்தது. திருட்டு வாசல். சந்தேகமே இல்லை. பிறகுதான் பக்கத்தைக் கீழே தள்ளினார்.

தம்பி சிரித்துக்கொண்டிருந்தான். நீலச் சட்டை, கழுத்தில் தொங்கும் அட்டை. இரங்கல் அறிவிப்புக்காகச் சல்லடையம்மாவே தேர்ந்தெடுத்துக் கொடுத்த படம்.

சல்லடையம்மாவின் கையில் பென்சில் அப்படியே நின்றது. முந்தின நாள் மாலை, சித்தியின் எண்ணிலிருந்து அவருக்கும் இதே இணைப்பு வந்திருந்தது. பேருந்து நிறுத்தத்தில் நின்றபடி திறந்தார். மின்னஞ்சல் பாஸ்வேர்டைக் கேட்டது, கொடுத்தார். தவறு என்றது, மறுபடி கொடுத்தார். ஆறு இலக்க எண்ணைக் கேட்டது, அதையும் கொடுத்தார். பிறகு வெள்ளையாக நின்றுவிட்டது. நெட்வொர்க் சரியில்லை என்று நினைத்துக்கொண்டு பேருந்து ஏறிவிட்டார். ஆயிரம் பேரிடம் கொடுக்காதீர்கள் என்று சொன்ன எண்ணைக் கொடுத்துவிட்டு, ஜன்னலோரம் இடம் கிடைத்ததே என்று உட்கார்ந்து வந்திருக்கிறார்.

"இதை உங்களுக்கு யார் அனுப்புனாங்க?" என்று கேட்டார்.

"அந்தப் பையன்கூட வேலை செய்யற ஆளு. அவருக்குப் பையனோட அக்கா அனுப்புனாங்களாம். அந்தம்மா இந்த மாதிரி ஆபீஸ்லதான் வேலையாம் மேடம், இதையெல்லாம் கண்டுபிடிக்கறதே அவங்கதானாம். அவங்க பாக்காமலா அனுப்பியிருப்பாங்கன்னு..."

அனுப்பியிருந்தார். பேருந்தில் உட்கார்ந்த கையோடு பத்தொன்பது பேருக்கு. 'எனக்குத் திறக்கவில்லை, நீங்களாவது எழுதுங்கள்' என்று ஒரு வரியும் சேர்த்து.

"அந்தம்மா பாக்கல" என்றார் சல்லடையம்மா.

"ஏன் மேடம்?"

"படத்தைப் பாத்துட்டாங்க. அதனால மத்ததைப் பாக்கல."

பெரியவர் அவர் முகத்தையும் போனில் இருந்த முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பார்த்துவிட்டு வாயில் கை வைத்துக்கொண்டார். "ஒரு தடவ நான் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டேன்மா" என்றார். "சரியாகுற வரைக்கும் வெளியில நின்னு பேசிட்டே இருந்தான். பொண்ணுக்கு எப்பக் கல்யாணம், கால்வலி எப்படியிருக்குன்னு. பயமே தெரியல."

சல்லடையம்மாவுக்குத் தன் கணக்கை உடனே திறந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு நிமிடமும் யாரோ அங்கே ஒவ்வொரு அறையாகத் திறந்துகொண்டிருக்கிறான். ஆனால் நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். முதலில் வந்தவர் அவர். அவருடைய பூட்டு இன்னும் அவர் கையில் இருந்தது. சல்லடையம்மா பெரியவரின் பாஸ்வேர்டை மாற்ற வைத்தார், வேறு எங்கெல்லாம் அதே பாஸ்வேர்டு என்று கேட்டு அவற்றையும் மாற்ற வைத்தார், புதியதை மூன்று முறை தட்டிக் காட்டச் சொன்னார். பதினாறு நிமிடம். அவர் கிளம்பியதும் பத்தொன்பது பேருக்கும் எழுதினார்: 'நான் அனுப்பியது திருட்டுப் பக்கம். திறக்காதீர்கள். திறந்திருந்தால் உடனே பாஸ்வேர்டை மாற்றுங்கள். தப்பு என்னுடையது.'

அதற்குப் பிறகுதான் தன் கணக்கைத் திறந்தார். பாஸ்வேர்டு தவறு என்றது. நிதானமாக இன்னொரு முறை தட்டினார். பதினான்கு மணி நேரத்துக்கு முன் மாற்றப்பட்டது என்றது. மீட்பதற்கு இருந்த போன் எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களைக் காட்டியது. அது அவருடைய எண் இல்லை.

எதிர் மேசைக்காரர் எழுந்து வந்தார். பெரியவர் பேசியது அவர் காதிலும் விழுந்திருக்க வேண்டும். சல்லடையம்மா முக்காலியிலிருந்து எழுந்துகொண்டார். எங்கே போவது என்று தெரியாதவர்போல மேசையைச் சுற்றி வந்து, மறுபக்கம் நின்றார்.

எதிர் மேசைக்காரர் முக்காலியில் உட்கார்ந்தார். புதிய சீட்டு ஒன்றை இழுத்துக்கொண்டார். எப்படி என்று கேட்கவில்லை.

"எங்க தட்டுனீங்கம்மா? எத்தன மணிக்கு?"

சொன்னார். அவர் எழுதினார். வகை என்ற இடத்தில் நிமிர்ந்து பார்க்காமல், யாரையும் கேட்காமல், திருட்டு வாசல் என்று எழுதினார். "உள்ள என்ன இருந்துச்சு?"

"குரல்" என்றார் சல்லடையம்மா.

அதையும் எழுதிக்கொண்டு அவர் கணினியைத் தன் பக்கம் திருப்பினார். சல்லடையம்மா காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்து அவரிடம் நீட்டினார். பிறகு சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து, பன்னிரண்டு வருடத்தில் முதல் முறையாக, அதில் முதுகைச் சாய்த்துக்கொண்டார்.