பூளை எங்க வேணாலும் கெடக்கும்

எங்கள் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மேய்ச்சல் புறம்போக்கில் நான் குனிந்தால் போதும், யாராவது வந்து நின்றுவிடுவார்கள். "என்னாங்க, தோடு எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?" பூப் பார்க்கிறேன் என்றால் நம்பமாட்டார்கள். பூ என்றால் பஸ் ஸ்டாண்டில் முழம் போட்டு விற்பது. காலில் மிதிபடுவது களை. அதனால் சில நாள் "ஆமாங்க, தோடுதான்" என்று சொல்லிவிடுவேன். உடனே அவர்களும் குனிந்து தேடுவார்கள். அந்தச் சாக்கிலாவது தும்பையைப் பார்க்கட்டுமே!

படம் எடுத்தால் செடியின் பெயரைச் சொல்லும் செயலி ஒன்று என் போனில் இருந்தது. நெருஞ்சியைச் சரியாகச் சொல்லிவிடும். மழைக்குப் பின் புல்லுக்குள் நீலமாக எட்டிப்பார்க்கும் விஷ்ணுகிரந்திக்கு மட்டும் நாளுக்கொரு பெயர் வைக்கும். ஆடிக் காற்றில் பூ ஆடினாலோ, 'ஏதோ செடி' என்று கைகழுவிவிடும். எரிச்சலாக வரும். ஆனாலும் ஐப்பசியில் வேலி மேல் செங்காந்தள் ஏறி நிற்கும்போது எனக்கு வேறெதுவும் வேண்டாம் என்றிருக்கும்.

மார்கழியில் பூளை பூத்தது. புறம்போக்கு முழுக்க வெள்ளை. பொங்கலுக்குத் தெரு பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எங்கள் தெருச் சங்கத் தலைவரான எதிர்வீட்டுக்காரர் பொக்லைனை வரவழைத்தார். ஓடிப்போய் மறித்தேன்.

"தை பொறக்கட்டும்ங்க. பூளை நல்லா பூத்திருக்கு."

"பூளையாங்க? அது எங்க வேணாலும் கெடக்கும். நீங்க வூட்டுக்குப் போங்க."

மதியத்துக்குள் எல்லாம் வெறும் செம்மண். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தெருக்காரர்கள் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள்.

போகியன்று காப்புக் கட்ட வேண்டும். பூளை, ஆவாரம்பூ, வேப்பிலை மூன்றையும் சேர்த்துக் கட்டி வாசலில் செருகாமல் எங்கள் பக்கம் தை பிறக்காது. வேப்பிலை மரத்தில் இருந்தது, ஆவாரம்பூ ரோட்டோரம் கிடைத்தது. பூளைதான் இல்லை. பக்கத்துத் தெருக்காரர்களும் பொங்கலுக்காகச் சுத்தம் செய்திருந்தார்கள். கம்பைநல்லூர் வரை வண்டியில் போனவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள்.

சாயங்காலம் தெருவே புறம்போக்கின் ஓரத்தில், பொக்லைன் படாத வரப்பில் குனிந்துகொண்டிருந்தது. தலைவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கல்லிடுக்கைத் துழாவினார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"என்னாங்க, தோடு எதாச்சும் தொலைச்சிட்டீங்களா?"

அவர் அடுத்த கல்லைப் புரட்டினார். நானும் குனிந்தேன். என் வாசலுக்கும் வேண்டுமே.