தளர்த்திய பின்னல்

ராரோடோங்கா தீவைச் சுற்றி ஓடும் பஸ்ஸுக்கு நூரோவாதான் ஓட்டுநர். நான்கு வயது மகன் மனவா அவளுக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து வருவான். தலைமகன், பிறந்ததிலிருந்து தலையில் கத்தரி பட்டதில்லை. தீவின் வழக்கப்படி வருஷக் கடைசியில், டிசம்பரில் முடிவெட்டு விழா. சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கற்றை வெட்டுவார்கள். விருந்துக்கான பன்றிகள்கூடக் கொழுத்து வந்தன.

ஜனவரியில் மழை வலுத்ததும் மனவா காலையில் வாந்தி எடுத்தான். தலையை ஒரு பக்கம் சாய்த்தே நடந்தான்.

"பின்னலை இப்படி இறுக்கினா புள்ளைக்குத் தலை வலிக்காதா?" என்றாள் பஸ்ஸில் ஒருத்தி.

"இந்த முடிக் கனத்துக்கு என் கழுத்தே சாஞ்சிடும்," என்றான் நூரோவாவின் அண்ணன் டெரே.

பஸ்ஸே சிரித்தது. நூரோவாவும் சிரித்தாள். பின்னலைத் தளர்த்திக் கட்டினாள், கழுத்தில் எண்ணெய் தேய்த்தாள். ஏப்ரல்வரை மழைக்காலம் அப்படியே கழிந்தது. பையன் நின்ற இடத்திலேயே விழத் தொடங்கியபோதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அங்கிருந்து நியூசிலாந்தின் ஆக்லாந்துக்கு அனுப்பினார்கள். சிறுமூளையில் புற்றுக்கட்டி. சில குழந்தைகள் பிழைக்கிறார்கள், இவனுக்கு உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

அறுவை நாள் காலையில் நர்ஸ் முடியெடுக்கும் மெஷினோடு வந்தாள்.

"பின்பக்கம் மட்டும்தாம்மா."

"அப்போ முன்முடியை டிசம்பருக்கு வச்சுக்கலாமா?"

நர்ஸ் தயங்கினாள். "அப்புறம் குடுக்கிற மருந்துல அதுவும் கொட்டிடும்மா."

நூரோவா ஊரிலிருந்த டெரேயைப் போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"வேத்தாள் கை படக்கூடாது. ஒரே ஒரு நாள் தள்ளிப்போடு, நான் வந்துடறேன்."

"பின்னல் பின்னல்னே ஒரு மழைக்காலத்தைத் தள்ளிப்போட்டோம்ணே. இன்னும் தள்ளச் சொல்றியா?"

"சரி, நீயே வெட்டு. என் பங்கையும் சேத்து," என்றான்.

விழாவில் அவன் உட்காரும் நாற்காலிக்கென்று தைத்து, கையோடு எடுத்து வந்திருந்த பூப்போர்வையைக் கட்டிலில் விரித்து மகனை உட்காரவைத்தாள். ஒவ்வொரு சொந்தத்தின் பேரையும் சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கற்றையாய் வெட்டினாள். வெட்டியதையெல்லாம் சேர்த்து ஒரே பின்னலாய்த் தளரப் பின்னினாள்.

"விருந்து எங்கம்மா?"

"வீட்டுல. நீ வந்தாத்தான் பன்னியையே தொடுவாங்களாம்."

"நான் வரலைன்னா?"

"வருவடா. வரணும்டா."

கட்டிலைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கூடவே ஓடினாள், கதவருகே நிறுத்திவிட்டார்கள். கதவு மூடியது. கையிலிருந்த பின்னல் பிரிந்துகொண்டிருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்து அதை மறுபடி பின்னினாள், விரல் வலிக்க வலிக்க, இறுக்கி. இறுக்காதே என்று சொல்ல அங்கே யாருமில்லை.