நைட் ஷிப்ட் வாரத்துப் பள்ளிக்கூடம்

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. வகுப்பில் வாயே திறக்க மாட்டாள். விடை தெரிந்திருந்தாலும் எழுந்து நின்றால் பேச்சு வராது. தினமும் காலையில் வயிற்றுவலி. "உங்க பொண்ணு பேசவே மாட்டேங்கறா" என்று டீச்சர் சொல்லிச் சொல்லி, எனக்குப் பள்ளி வாசலைக் கண்டாலே எரிச்சல் வந்தது. ஒரு நாள் கோபத்தில், "நானே வீட்ல வெச்சு சொல்லித் தர்றேன்" என்று சொல்லிவிட்டேன்.

என் கணவருக்குச் சுரங்கத்தில் ஷிப்ட் வேலை. அதிகம் பேசாத மனிதர். "ஒரு வருஷம் பாப்போம். அதுக்குள்ள அவ வாயத் தொறந்து ஒரு பாடத்த எடுத்துச் சொல்லிட்டா சரி. இல்லன்னா ஜூன்ல ஸ்கூல்தான்" என்றார். நியாயமான பேச்சு. அதனாலேயே எனக்கு இன்னும் கோபம்.

அன்றிலிருந்து போனும் கையுமாக இருந்தேன். இணையத்தில் இலவசமாக என்னவெல்லாம் கிடைக்கிறது! பாடப்புத்தகங்கள், படக்கதைகள், கணக்கு விளையாட்டு, வீடியோக்கள். இலவசம் என்ற சொல்லைப் பார்த்தால் என் விரல் நிற்காது. டைனோசர் எலும்பிலிருந்து துருவக்கரடி வரை இறக்கி வைத்தேன். போன் நிரம்பி, கல்யாண போட்டோக்களை அழிக்கும் நிலைக்கு வந்தது. பிரிண்ட் எடுக்கப் போனால் மந்தாரக்குப்பம் ஜெராக்ஸ் கடைக்காரர், "என்னங்க, டியூஷன் சென்டர் ஆரம்பிச்சிட்டீங்களா?" என்று கேட்டார். மகள் எல்லாவற்றையும் பார்ப்பாள், தலையாட்டுவாள். பேச மட்டும் மாட்டாள்.

கடைசியில் உருப்படியாகச் சிக்கியது பின்னக் கணக்கு வீடியோ ஒன்று. வட்டத்தை வெட்டி வெட்டி அழகாகக் காட்டினார்கள். பேசியது ஒரு வெளிநாட்டு அம்மா. அவருடைய ஆங்கிலம் எங்கள் இருவருக்குமே பிடிபடவில்லை.

அதைப் போடலாம் என்று உட்கார்ந்த வாரம் பார்த்து என் கணவருக்கு நைட் ஷிப்ட். எங்கள் குவார்ட்டர்ஸ் பக்கம் அது எழுதாத சட்டம். ராத்திரி வேலை பார்த்த ஆள் பகலில் தூங்கும் வீட்டில் குக்கர் விசில்கூட வரக்கூடாது. வாசலில் 'நைட் ஷிப்ட், பெல் அடிக்காதீர்கள்' என்று அட்டை தொங்கும். காய்காரர்கூட அதைப் பார்த்தால் கூவாமல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவார். இயர்போன் மாட்டினால் மகள் காது வலிக்கிறது என்று பிடுங்கிப் போடுவாள். வேறு வழியில்லாமல் சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் படத்தை மட்டும் ஓட விட்டேன்.

மூன்றாவது நாள் திரையில் அந்த அம்மா வாயசைக்க, என் பக்கத்தில் குசுகுசுவென்று ஒரு குரல். "இது ஒரு முழுத் தோசைங்க. நாலா வெட்டிட்டோம். ஒரு துண்டு அப்பாவுக்கு. அப்ப அவருக்குக் கால் தோசைதான், பாவம்."

என் மகள்தான்! அந்த அம்மாவுக்கு இவள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தாள். பேசுவது தானல்ல, திரையில் இருப்பவர் என்ற தைரியம் போலிருக்கிறது. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவள் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம் நாள்தோறும் குரல் கொஞ்சம் ஏறியது. பேசு பேசு என்று கெஞ்சிய நானே, "உஷ், அப்பா தூங்கறாரு" என்று அடக்க வேண்டியதாயிற்று.

வாரத்தின் கடைசி நாள் அரையையும் காலையும் கூட்டிக்கொண்டிருந்தாள். அறைக்கதவு திறந்தது. கைலியும் தூக்கக் கண்ணுமாக அவர். போச்சு என்று நினைத்தேன். மகள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள்.

அவர் வந்து தரையில் உட்கார்ந்து, போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தார். "கதவாண்ட நின்னு கேட்டுக்கினுதான் இருந்தேன். அரையும் காலும் சேந்தா எப்படி முக்கால் ஆவுது? எனக்குப் புரியல. நல்லா சத்தமா சொல்லு."

அவள் கவிழ்ந்த போனைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். பிறகு, "அரைத் தோசையில ரெண்டு கால் இருக்குப்பா!" என்று ஆரம்பித்தாள் பாருங்கள், கையை வீசி, எழுந்து நின்று, வீடு அதிர.

பாதிப் பாடத்தில் பக்கத்து வீட்டுக்காரம்மா ஜன்னலோரம் வந்து நின்றார். "எங்க வூட்டுக்காரரும் நைட் ஷிப்ட்தாங்க, தூங்கிக்கினு இருக்காரு. உங்க பொண்ண கொஞ்சம் மெதுவா பேசச் சொல்லுங்க."

என் மகளைப் பற்றி எத்தனையோ புகார் கேட்டிருக்கிறேன். இதை மட்டும், "இன்னொரு தடவ சொல்லுங்களேன்" என்று கேட்டு வாங்கினேன்.