நகராத புள்ளி

அட்லஸ் மலைமேல் இருந்த வானாய்வகத்தில் துதாவுக்கு வேலை, கணினிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பது. தொலைநோக்கி எடுத்துக் குவிக்கும் படங்களை மனிதக் கண் பார்த்து மாளாது. அதனால் ஆழ்கற்றல் முறையில் ஒரு நிரலைப் பழக்கினார்கள். அடுத்தடுத்த படங்களில் இடம் மாறும் புள்ளி என்றால் விண்கல். மாறாவிட்டால் நட்சத்திரம், அல்லது கேமராவில் படிந்த கறை. இப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகளுக்குத் துதா தன் கையாலேயே பெயர் வைத்தாள். சீக்கிரமே அந்த நிரல் அவளை மிஞ்சிவிட்டது. அது கழித்துப்போட்டதை அப்புறம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பனி விழுந்து பாதை அடைபட்ட ஒரு நாள், பொழுது போகாமல் துதா அந்தக் கழிவுகளைத் திறந்தாள். கறை என்று ஒதுக்கப்பட்டிருந்த ஒரு புள்ளி கண்ணை உறுத்தியது. கறை என்றால் எல்லாப் படத்திலும் ஒரே மூலையில் அல்லவா இருக்க வேண்டும்? இது நட்சத்திரக் கூட்டத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஆனால் எந்த வான்வரைபடத்திலும் இல்லை.

ஆய்வகத் தலைவர் மக்லூஃப் புதினாத் தேநீரோடு வந்தார்.

“என்னம்மா, குப்பையைக் கிளறிக்கிட்டிருக்கே? முத்து ஏதாச்சும் கெடச்சுதா?”

“புதுசா ஒண்ணு உஸ்தாத். ஆனா அசையவே மாட்டேங்குது. தெனம் கொஞ்சம் கொஞ்சமா வெளிச்சம் மட்டும் ஏறுது.”

குனிந்து பார்த்தவரின் முகத்தில் சிரிப்பு வற்றியது.

“நேரா நம்மளப் பாத்து வர்ற வண்டி பக்கவாட்டுல நகராது, துதா.”

அன்று மாலைக்குள் மற்ற நாட்டு ஆய்வகங்களும் உறுதி செய்துவிட்டன. வீடளவு கல். மறுநாள் காலை, இதே மலைகளுக்கு மேலே வெடிக்கும். வானொலியில் எச்சரிக்கை வந்தது. சந்தையில் அதைக் கேலிப்பாட்டாகப் பாடினார்கள். பள்ளத்தாக்குப் பள்ளியில் வாத்தியாராக இருந்த தம்பி பாஸுவுக்குத் துதா போன் செய்தாள்.

“பளிச்சுனு வெளிச்சம் வந்தா ஜன்னல் பக்கம் போகாதடா. சத்தம் பின்னாடிதான் வரும், கண்ணாடியெல்லாம் ஒடையும். பசங்கள பெஞ்சுக்கடியில தள்ளிடு.”

“வானம் இடிஞ்சு விழுதுன்னா பெஞ்சுக்கடியில பூந்துக்கணுமாக்கும்? போக்கா!”

காலையில் பனி முழுக்க ஒரு கணம் நீலமாக எரிந்தது. பிறகு ஒன்றுமில்லை. நாய்கள்கூடக் குரைக்கவில்லை. ‘ஜன்னல்கிட்ட போயிடாதடா, போயிடாதடா’ என்று துதா முணுமுணுத்துக்கொண்டே நின்றாள். அப்புறம்தான் மலை அதிர்ந்தது.

பிள்ளைகளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஜன்னல் கண்ணாடி சிதறிப் பாஸுவுக்கு வலது கண் போய்விட்டது.

“நீ சொன்னியேன்னு பசங்கள பெஞ்சுக்கடியில தள்ளுனேன்க்கா,” என்றான் ஆஸ்பத்திரியில். “நான் மட்டும் என்னதான்னு பாக்கப் போனேன்.”

துதா அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வேலைக்குத் திரும்பியதும் இடம் மாறாமலே ஒளி கூடும் புள்ளிகளையும் பிடிக்கும்படி நிரலை மறுபடி பழக்கினாள். முதல் ஓட்டத்திலேயே அது இரண்டைப் பொறுக்கிக் காட்டியது. ஒன்று வெறும் கறை. இன்னொன்று நகரவில்லை, படத்துக்குப் படம் வெளிச்சம் ஏறுகிறது; அதன் எதிரே மக்லூஃபும் அவளும் அடுத்த படத்துக்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.