சுருக்கம் விட்ட கிதார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயலின் போல வயிறும் முதுகும் மேடு தட்டிய கிதார் எங்கள் ஊரில் ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அதை நான் செய்தேன். எங்கள் வீட்டுக்குப் பின்னால், நூல் மூட்டை அடுக்கும் கொட்டகையில், பதினோரு மாதம். பெருமையடிக்கிறான் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். இதைவிட நல்லதாகப் பெருமையடிக்க என்னிடம் இன்றுவரை வேறொன்றும் இல்லை.

எல்லாம் ஒரு கல்யாண வீட்டில் தொடங்கியது. அஞ்சலகத்தில் வேலை பார்த்த ஒரு அண்ணன் ஒரு மெல்லிசைக் குழு வைத்திருந்தார். ஆர்மோனியம் அவர். தபலா, பாங்கோஸ், ஒரு புல்லாங்குழல், இரண்டு பாடகர்கள். குழுவுக்கு மைக் ஒன்றுதான்; அது பாடுகிறவர் வாயைவிட்டு நகராது. கோயம்புத்தூரில் பி.யூ.சி. முடித்துவிட்டு வந்திருந்த நான், கடையில் வாங்கிய தட்டையான கிதாரை எடுத்துக்கொண்டு அந்தக் கல்யாணத்தில் அவர்களோடு உட்கார்ந்தேன். இரண்டரை மணி நேரம் வாசித்தேன். விரல் நுனி சிவந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டாள். "ஏன்டா, நீ என்னத்துக்கு அங்க உக்காந்து வயித்தச் சொறிஞ்சிட்டிருந்த?"

"கிதார் வாசிச்சனக்கா."

"அப்படியா? எனக்குக் கேக்கவே இல்லியே. பந்தியில இருந்தவங்களும் அதத்தான் பேசிக்கிட்டாங்க. பாவம், பையனுக்குச் சொறின்னு."

குழுக்கார அண்ணன் அவ்வளவு கிண்டலாகச் சொல்லவில்லை. ஆனால் சொல்லிவிட்டார். "தம்பி, நீங்க நல்லாத்தான் வாசிக்கறீங்க. ஆனா பாருங்க, தபலாவுக்குப் பின்னால அது செத்துப்போகுது. காங்கேயத்துல ஒரு மேண்டலின்காரர் எடம் கேட்டுக்கிட்டே இருக்கறாரு. வர்ற தைப்பூசத்துக்கு மலையடிவாரத்துல நம்ம கச்சேரி இருக்குது. அதுக்குள்ள கேக்கற கிதாராக் கொண்டு வந்தீங்கன்னா உங்க எடம் உங்களுக்கு. இல்லீன்னா தப்பா நெனச்சுக்காதீங்க."

தப்பாக நினைக்கவில்லை. ஆனால் அந்த மேண்டலின்காரரை, முகம் தெரியாமலே, அன்று முதல் எனக்குப் பிடிக்காமல் போயிற்று.

கேட்கிற கிதாரை நான் முன்பே ஒருமுறை பார்த்திருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்தவன் போத்தனூர் ரயில்வே காலனிக்காரன். அவன் வீட்டில் அவனுடைய சித்தப்பாவின் பழைய கிதார் ஒன்று சுவரில் தொங்கியது. நடுவில் வட்டத் துளை இல்லை. வயலினுக்கு இருப்பதுபோல இரண்டு பக்கமும் நெளிந்த துளைகள். மேல்பலகை தட்டையாக இல்லாமல் நடுவில் உயர்ந்து ஓரத்தில் இறங்கியது. ஒரு தந்தியைத் தட்டினால் மைக் வேண்டாம், அடுத்த வீட்டு நாய் எழுந்து நின்றது. அந்த வாரமே ரயிலேறினேன். பனியன் பண்டல் கட்டும் பழுப்புத் தாளும் அக்காவின் அளவு நாடாவும் கையில். ஒரு மணி நேரத்தில் சுற்றுவட்டம், மேட்டின் உயரம், கழுத்தின் சாய்வு எல்லாம் வரைந்துகொண்டேன். சித்தப்பா பக்கத்திலேயே நின்று, "நாடா தந்தியில உரசாமப் பாத்துக்கப்பா" என்பதைத் தவிர வேறெதுவும் சொல்லவில்லை.

மரம் தானாகவே வந்தது. எங்கள் பனியன் கம்பெனிக்கு அப்பா வெளிநாட்டிலிருந்து ஒரு பின்னல் மெஷின் தருவித்திருந்தார். கம்பெனியே அதைச் சுற்றி நின்று மெஷினைப் பார்த்தது. நான் அது வந்த பெட்டியைப் பார்த்தேன். வெளுத்த, லேசான, கோடு கோடாக நேராக ஓடும் ரேகையுள்ள பைன் பலகை. விரல் முட்டியால் தட்டினால் 'டொங்' என்றது. நம்மூர் வேம்பும் வாகையும் 'டொக்' என்றுதான் சொல்லும்.

"அப்பா, அந்தப் பெட்டிப் பலகை எனக்கு வேணும்."

"நூல் அடுக்க பரண் போடறதுக்கு வெச்சிருக்கறன் கண்ணு."

"ரெண்டே ரெண்டு பலகைப்பா."

"என்ன பண்ணப் போற?"

"கிதாருக்கு மேல்பலகை. செதுக்கிச் செதுக்கி இவ்வளவு மெல்லிசாக் கொண்டு வரோணும்" என்று விரலில் காட்டினேன்.

அப்பா என் விரலைப் பார்த்தார், மெஷினைப் பார்த்தார். "எத்தன கேஜு?" என்று கேட்டார். பின்னல் மெஷினில் ஊசி நெருக்கத்தைச் சொல்லும் அளவு அது; அவர் உலகத்தில் எல்லாவற்றுக்கும் கேஜ் உண்டு. கிதாருக்குக் கிடையாது என்று சொல்ல மனம் வரவில்லை. "இருபத்திநாலுங்கப்பா" என்றேன். "அப்பச் சரி" என்று பலகையைக் கொடுத்துவிட்டார்.

இரண்டு பலகையையும் விளிம்போடு விளிம்பு சேர்த்து வச்சிரப் பசையால் ஒட்டினேன். வச்சிரம் காய்ச்சுகிற நாற்றத்துக்கு அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு வீட்டின் முன்பக்கமே குடியேறிவிட்டார். ஒட்டியதைக் காயவைத்து, வளைந்த வாயுள்ள உளியால் வெளிப்பக்கம் மேடாகவும் உள்பக்கம் குழிவாகவும் செதுக்க ஆரம்பித்தேன். ஒரு பக்கம் செதுக்க யாராலும் முடியும். இரண்டு பக்கமும் செதுக்கி நடுவில் ஒரே சீரான கனத்தை விட்டு வைப்பதுதான் வேலை. மெஷின் ஃபிட்டரிடம் கனம் அளக்கும் காலிப்பரைக் கடன் வாங்கி, அங்குலத்துக்கு அங்குலம் பென்சிலால் கனத்தை எழுதினேன். மேல்பலகை மார்க் ஷீட் மாதிரி ஆயிற்று. நல்ல மார்க் ஷீட்.

முதுகுக்கும் பக்கங்களுக்கும் பலா. பக்கப் பலகையை இடுப்பு வளைவுக்கு வளைக்க வேண்டும். முதல் இரண்டும் நடுவில் பட்டென்று ஒடிந்தன. மூன்றாவதை நனைத்த பனியன் வெட்டுத் துண்டுகளால் போர்த்தி, மேலே கரி இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பலகை சொன்ன பேச்சுக் கேட்டு அச்சைச் சுற்றிப் படுத்தது. உலகத்தில் வேறு யாராவது ஈரப் பனியனை வைத்து கிதாருக்கு இடுப்பு வளைத்திருப்பார்களா என்று தெரியாது. வளைத்திருந்தால் அவர்களும் எங்கள் ஊர்க்காரர்களாகத்தான் இருப்பார்கள்.

இனி தப்பு வருகிறது.

கிதாரின் கழுத்துமேல் ஒட்டுகிற விரல்பலகைக்கு ஈட்டி மரம் வாங்கினேன். மரக்கடைக்காரர் அதைக் கொடுக்கும்போது, "இன்னும் கொஞ்சம் ஈரமிருக்குதுங்க. சுருங்கும், பாத்துக்குங்க" என்றார். அந்த ஒரு சொல்லைக் கேட்டதும் என் மூளை நின்று கை ஓட ஆரம்பித்துவிட்டது. எங்கள் வீட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரிந்த சொல் அது. பனியன் துவைத்தால் நீளத்தில் சுருங்கும்; அதனால் வெட்டும்போதே சுருக்கம் விட்டு வெட்ட வேண்டும். விடாமல் வெட்டினவனை அப்பா மன்னிக்கவே மாட்டார்.

நானும் விட்டேன். தந்தியின் நீளம் இருபத்தைந்து அங்குலம் என்று போத்தனூரில் அளந்திருந்தேன். அதற்கு அரை அங்குலம் சுருக்கம் சேர்த்து, இருபத்தைந்தரைக்குக் கணக்குப் போட்டேன். மீதி நீளத்தில் பதினெட்டில் ஒரு பங்கு, அதன் மீதியில் பதினெட்டில் ஒரு பங்கு என்று விரல் அழுத்தும் ஒவ்வொரு பித்தளைக் கட்டுக்கும் கோடு போட்டு, அறுத்து, கம்பியைத் தட்டி இறக்கினேன். கணக்கில் ஒரு பிசகு கிடையாது. தந்திகளை வயிற்றுக்கு மேலே தாங்கி நிற்கும் குதிரையை மட்டும், பழுப்புத் தாளில் வரைந்திருந்தபடி இருபத்தைந்தாவது அங்குலத்திலேயே நிறுத்தினேன். ஏன்? தாளில் அங்கேதான் இருந்தது.

பூசத்துக்கு நான்கு நாள் முன்பு தந்தி ஏற்றினேன். கட்டு எதையும் அழுத்தாமல் தட்டியபோது கொட்டகைத் தகரம் அதிர்ந்தது. கம்பெனியே எட்டிப் பார்த்தது. அப்புறம் விரல் வைத்தேன். முதல் கட்டில் சுருதி லேசாகத் தூக்கியது. ஐந்தாவதில் இன்னும். பன்னிரண்டாவதில், அப்படியே மேல்ஸ்தாயியில் வந்து நிற்க வேண்டிய சுரம், அதைத் தாண்டி எங்கேயோ போய் நின்று பல்லை இளித்தது. பதினோரு மாதம். நான்கு நாள். கண்ணுக்குள் அந்த மேண்டலின்காரர் வந்து உட்கார்ந்தார்.

அரை நாள் மேல்பலகையைச் சந்தேகப்பட்டேன். பிறகு வச்சிரத்தை. பிறகு தந்தியை. அக்கா கட்டிங் டேபிளிலிருந்து எழுந்து வந்தாள். எட்டாவதோடு அவளை நிறுத்தியிருந்தார்கள். கம்பெனியின் அளவு அட்டைகள் எல்லாம் அவள் கையால் வெட்டியவை.

"ஆருடா செத்தது? மூஞ்சிய அப்படி வெச்சிருக்கற."

சொன்னேன். பன்னிரண்டாம் கட்டு தந்தியின் சரிபாதியில் இருக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவள் கழுத்தில் கிடந்த நாடாவை எடுத்து அளந்தாள்.

"மேல இருந்து இதுவரைக்கும் பன்னண்டே முக்கால். இதுல இருந்து குதிரைக்குப் பன்னண்டே கால். இதா உன்ற சரிபாதி? பி.யூ.சி.ல இப்படித்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

அப்போதுதான் உறைத்தது. "அக்கா... சுருக்கம் விட்டேன்."

"எதுக்கு?"

"மரத்துக்கு."

அவள் நாடாவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். உட்கார்ந்து சிரித்தாள். "ஏன்டா, கச்சேரி முடிஞ்சதும் உன்ற கிதாரச் சோடா உப்புப் போட்டுத் தொவைக்கப் போறியா? புழிஞ்சு காயப் போடறதுக்குக் கொடியாச்சும் கட்டி வெச்சியா?"

உளியை எடுத்தேன். விரல்பலகையைப் பெயர்த்துவிட்டுப் புதிதாகப் போட வேண்டியதுதான். நான்கு நாளில் முடியாது என்று எனக்கே தெரியும்.

"உளியக் கீழ வை" என்றாள். சிரிப்பு நின்றிருந்தது. "பனியன்ல சுருக்கம் விட்டா நீளத்த மட்டுமா விடுவ? கீழ மடிச்சுத் தைக்கிற எடத்தையும் சேர்த்துத் தள்ளி வெப்பியல்ல? மேலயெல்லாம் எச்சா விட்டுப்போட்டு, மடிப்ப மட்டும் பழைய எடத்துலயே வெச்சா ஆரு போடுவா அத? அந்தக் குதிரை ஒட்டுனதா?"

"இல்ல. சும்மா நிக்குது. தந்தி அழுத்தறதுலதான் நிக்குது."

"அப்ப அதையும் அரை அங்குலம் தள்ளு."

நான் அவளைப் பார்த்தேன். கட்டுகள் எல்லாம் இருபத்தைந்தரைக்குப் போட்டவை. தந்தியும் இருபத்தைந்தரை ஆகிவிட்டால் கணக்கு சரி. கடைக் கிதார்களில் குதிரையை ஒட்டித் தொலைத்திருப்பார்கள், நகராது. என் கிதாரில் நகரும். இதை நான் எத்தனை பேருக்கு எத்தனை தடவை விளக்கியிருப்பேன்! எனக்கு நானே விளக்க மறந்துவிட்டேன்.

தந்தியைத் தளர்த்திக் குதிரையைத் தள்ளினேன். அந்த இடத்தில் மேடு வேறு மாதிரி இறங்கியது. குதிரையின் கால் ஒரு பக்கம் தூக்கியது. வயிற்றின்மேல் உப்புத்தாளை விரித்து, அதன்மேல் குதிரையை முன்னும் பின்னும் தேய்த்துத் தேய்த்துக் காலைப் பொருந்த வைத்தேன். மறுபடி முறுக்கினேன். பன்னிரண்டாம் கட்டில் விரல் வைத்தேன். வந்து நின்றது. இளிக்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. தந்தி அரை அங்குலம் நீண்டதால், அதே சுருதிக்கு வர இன்னும் இறுக்கி முறுக்க வேண்டியிருந்தது. இறுக்கம் கூடியதும் குதிரை வயிற்றை இன்னும் பலமாக அமுக்கியது. சத்தம் போத்தனூர்க் கிதாரைவிட ஒரு பிடி தூக்கல். மரம் நீளவாட்டத்தில் சுருங்கவே சுருங்காது, அகலத்தில்தான் சுருங்கும் என்று பின்னால் மரக்கடைக்காரர் சொல்லிச் சிரித்தார். சிரிக்கட்டும்.

பூசத்தன்று மலையடிவாரத்தில் வெயில் தாழ்ந்ததும் மேடை ஏறினோம். பனியன் வேஸ்ட்டால் நானே பாலிஷ் தேய்த்த கிதார், பார்க்கிறவர் முகம் தெரிகிற அளவுக்கு மின்னியது. குழுக்கார அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தம்பி, இது வயலினுக்குப் பொறந்ததா, கிதாருக்குப் பொறந்ததா?"

"வாசிச்சாத் தெரியுமுங்கண்ணா."

மேடை ஓரத்தில் ஒருவர் மடியில் உறை போட்ட மேண்டலினோடு உட்கார்ந்திருந்தார். அண்ணன் என்னைப் பார்க்காமல் சொன்னார். "காங்கேயத்துல இருந்து வந்திருக்கறாரு. ஒரு பாதுகாப்புக்கு. ரெண்டு பாட்டுப் பாப்போம்."

முதல் பாட்டில் கண்ணைக் கட்டுகளிலிருந்து எடுக்கவே இல்லை. இரண்டாவது பாட்டில், தபலா ஏறி அடிக்கிற இடத்தில், நான் நேராகக் கூட்டத்தின் கடைசியைப் பார்த்தேன். காவடிகளை இறக்கி வைத்திருந்த வேப்பமரத்துக்கு அடியில் அப்பாவும் அக்காவும் நின்றார்கள். அக்கா ஒரு கையால் வயிற்றைச் சொறிவதுபோலக் காட்டினாள். பிறகு அந்தக் கையை எடுத்துக் காதைப் பொத்திக்கொண்டாள்.

மேண்டலின்காரர் உறையைப் பிரிக்கவில்லை. குனிந்து, என் கிதாரின் நெளிந்த துளைக்குள் எட்டிப் பார்க்க முயன்றுகொண்டிருந்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

மூன்றாவது பாட்டின் நடுவில் குழுக்கார அண்ணன் ஆர்மோனியத்தை விடாமலே என் பக்கம் சாய்ந்தார்.

"தம்பி, சித்த மெதுவா வாசிங்க. பாடறது கேக்க மாட்டேங்குது."

சரிங்கண்ணா என்று தலையாட்டினேன். மெதுவாக்கவும் செய்தேன். ஒரு சரணம் கழித்து.