பாசி டீச்சர் முதலில் பதில் சொன்ன இடம்

செய்தி வந்தபோது ராவாங்கில் மகள் வீட்டில் மாத்திரை போட உட்கார்ந்திருந்தேன். பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து கமலவேணியின் தம்பி போன் செய்தார். "அண்ணே, அக்கா காலையில தவறிட்டாங்க" என்றார். மாத்திரை கையிலேயே இருந்தது. எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்ல மகள் எழுதுகிறாள். பல்கலைக்கழகத்தில் அவரை அறிந்த நீங்கள் அவர் படிப்பைச் சொல்வீர்கள். கோலா சிலாங்கூர் கரையில் அவர் நின்ற விதத்தை நான்தான் சொல்ல வேண்டும்.

அது எண்பதுகளில். கடலோர எஸ்டேட்டுக்குள் உப்புத்தண்ணீர் ஏறாமல் தடுக்கும் கேட்டில் எனக்கு வேலை. கேட்டுக்கு வெளியே பாக்காவ் என்கிற அலையாத்தி மரங்கள். சேற்றில் நிற்கும் அவற்றின் வேர்களில் கறுஞ்சிவப்பாகக் கடல்பாசி ஒட்டியிருக்கும். எஸ்டேட்டில் ரப்பர் பால்மரம் வெட்டியவரின் மகளான கமலவேணி, பல்கலைக்கழக ஆராய்ச்சிக்காக அந்தப் பாசியை எடுத்து, எடை போட்டு, நைலான் வலைப் பைகளில் போட்டு, மஞ்சள் கயிற்றால் வேர்களிலேயே கட்டிவைப்பார். மாதாமாதம் சில பைகளை அவிழ்த்து, அழுகியது போக மிச்சத்தை நிறுப்பார். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தாதவர்தான். ஆனால் எங்களுக்கு அவர் பாசி டீச்சர்.

"காத்துல இருக்கிற கரியைத் தின்னுதாண்ணே இது வளருது. செத்தப்புறம் அந்தக் கரி எங்க போவுது? அதான் என் கேள்வி" என்றார்.

"காத்துல கரி இருந்தா என் வெள்ளைச் சட்டை என்னாவுறது?" என்று கேட்டேன்.

"நீங்க விடுற மூச்சுலயே இருக்கு லா. சட்டையைப் பத்திக் கவலைப்படுறீங்க!"

கேட்டுப் பக்கத்தில் முனியாண்டி கோயில். வெள்ளிக்கிழமை கற்பூரம் ஏற்ற வந்த பெண்கள் மஞ்சள் கயிற்றில் தொங்கிய பைகளைப் பார்த்துவிட்டு, யாரோ நேர்ந்துகொண்டு கட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தார்கள். என் தம்பி கல்யாணத்துக்காக நான் ராசா என்கிற ஊருக்குப் போயிருந்த நேரம். திரும்பி வந்தால், வேரெல்லாம் மஞ்சள் துணி முடிச்சுகள். டீச்சருடைய பைகளுக்கும் மஞ்சள் பூசி, பால் ஊற்றி, குங்குமம் வைத்திருந்தார்கள். இனி எடையும் கணக்கும் நிற்காது. அத்தனை மாத வேலையும் போயிற்று.

எங்களை வேலை வாங்கும் மண்டோர் என்னைப் பார்த்துக் கத்தினார். "எல்லாத்தையும் அவுத்துக் கடல்ல வீசு!"

டீச்சர் என் கையைத் தடுத்தார். "வேணாண்ணே. என் பைதான் கெட்டுச்சு. அவங்க வேண்டுதல் கெடல."

அடுத்த வெள்ளிக்கிழமை அவரே கோயிலுக்கு வந்தார். வெளிக்காட்டில் புல் வெட்டும் மாரியாயி முன்னால் நின்றாள்.

"பையில எந்தச் சாமி டீச்சர்?"

"சாமி இல்லக்கா, பாசி. அது எப்படி அழுகுதுன்னு பாக்குறேன்."

"அடியாத்தே! அழுகுறதைப் பாக்கவா ஒங்கப்பன் மரம் வெட்டிப் படிக்க வச்சாரு?"

கோயிலே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மாரியாயியே கேட்டாள்: "சரி, அழுகி எங்கதான் போவுது?"

"இன்னும் தெரியலக்கா. தெரிஞ்சா மொத உங்ககிட்டத்தான் வந்து சொல்லுவேன்."

பெண்கள் தங்கள் முடிச்சுகளைத் தாங்களே அவிழ்த்துக் கோயில் மரத்துக்கு மாற்றினார்கள். டீச்சர் முதலிலிருந்து தொடங்கினார். முகத்தில் ஒரு சோர்வு கிடையாது. இந்த முறை நண்டு பிடிக்க வந்தவர்கள்கூட அந்த வேர்ப் பக்கம் போக முடியவில்லை. "அங்க டீச்சரு கரி இருக்கு, தள்ளிப் போ!" என்று மாரியாயி விரட்டுவாள்.

வேலை முடிந்தது. பல்கலைக்கழகத்தில் தன் முடிவைப் பேசுவதற்கு முந்திய வெள்ளிக்கிழமை டீச்சர் கோயிலுக்கு வந்து நின்றார். "ஒரு பங்கு காத்துக்கே திரும்பிடுது. ஒரு பங்கை அலை இழுத்துட்டுப் போவுது, அது இறாலுக்கும் மீனுக்கும் தீனி. மிச்சத்தைச் சேறு பிடிச்சு வச்சிக்குது. நாம கிளறாம விட்டா அது லேசுல விடாது."

"அப்ப சேத்தை நோண்டாதேன்னு தொரைகிட்டச் சொல்லு."

"சொல்லத்தான் போறேங்க்கா. மொத உங்களுக்கு."

பிறகு எங்கள் ஆட்கள் என்னைத் தொழிற்சங்கத்துக்குப் பொறுப்பாக்கினார்கள். துரையிடம் பேசிவிட்டு வந்தால் நான் நேராக வீட்டுக்குப் போனதில்லை. எங்கள் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்து நடுவில் நின்று, கிடைத்ததையும் கிடைக்காததையும் சொல்லி முடித்த பிறகுதான் சோற்றில் கை வைப்பேன். கிடைக்காததைச் சொன்னால் ஏசுவார்கள், கேலி செய்வார்கள். அந்த இடத்தை விட்டு நகராமல் நிற்பேன். கமலவேணியிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அதுதான்.